கழித்தல் கணக்கில் கிடைத்த அக்கா

காலை ஐந்தேகால் மணிக்கு சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி பஸ் கிளம்பும். ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கிருந்து ஒரகடம் போகும் சாலையில் திரும்பும். உள்ளே ஐம்பது பெண்கள். எல்லோரும் ஆறு மணி 'ஏ' ஷிப்ட். கழுத்தில் ஐடி கார்டு, மடியில் டிபன் பை, கண்ணில் பாதித் தூக்கம். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்ததும் பென்டிரைவைச் சொருகுவார். முதல் பாட்டு எப்போதும் ஒன்றுதான். கந்த சஷ்டி கவசம்.

இந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. டீக்கடை, கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டர் என்று எங்காவது காதில் விழுந்தே தீரும். இந்தப் பகுதியில் கேட்கவே வேண்டாம். ஒரகடத்துக்குப் பக்கத்தில்தான் வல்லக்கோட்டை முருகன் கோயில். ஏழடி உயர முருகன். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கிருத்திகை என்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு கிருத்திகை அன்றுதான் சண்டை ஆரம்பித்தது.

டிராபிக்கில் பஸ் நின்றுவிட்டது. உள்ளே கவசம். வெளியே ஏதோ ஒரு கோயில் மைக்கிலும் அதே கவசம், ஆனால் நான்கு வரி பின்னால்! இரண்டும் கலந்து ஒரே குழப்பம். தூக்கம் கலைந்த ஒரு பெண் கேட்டாள்:

"ஏங்க்கா, இது ஒருத்தங்க பாடுறதா, ரெண்டு பேரா?"

பஸ்ஸே முழித்துக்கொண்டது. "ஒருத்தர்தான், எம்.எஸ். அம்மா" என்றது ஒரு சீட். "எம்.எஸ். பாடினது சுப்ரபாதம்டி, இது வேற" என்றது பின் சீட். "ராதா ஜெயலட்சுமின்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான்" என்றது மூன்றாவது சீட். (ராதா ஜெயலட்சுமி ஒருத்தர் இல்லை, இரண்டு பேர் என்பது வேறு விஷயம்!) கடைசியில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "சூலமங்கலம் சிஸ்டர்ஸ்மா. அக்கா தங்கச்சி."

சரி, பேர் என்ன? அது அண்ணனுக்கும் தெரியவில்லை. இருபது வருடமாகத் தினமும் கேட்கிறார்!

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சூலமங்கலம் எங்க ஊர்ப்பக்கம். அய்யம்பேட்டை கிட்ட." ஊர்ப் பெருமை வந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா... அன்று ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் முதல் வேலையாகத் தேடிப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் முழு விவரமும் வந்துவிட்டது.

அக்கா ஜெயலட்சுமி, பிறந்தது 1937. தங்கை ராஜலட்சுமி, 1940. கர்நாடக சங்கீதத்தில் இரண்டு பெண்கள் ஜோடியாக மேடை ஏறுவதைப் பிரபலமாக்கியவர்களில் முன்னோடிகள். தேவராய சுவாமிகள் எழுதிய கவசத்தை இவர்கள் பாடிய இசைத்தட்டு வந்த பிறகு, கவசம் என்றாலே இவர்கள் மெட்டுதான் என்று ஆகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்துத் தனியாகப் படிப்பவர்கள்கூட இந்த மெட்டில்தான் படிக்கிறார்கள்.

"சரி, இதுல எது அக்கா குரல், எது தங்கச்சி குரல்?"

இந்தக் கேள்விதான் பஸ்ஸை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் 'ஜெயா கட்சி'. இன்னொரு பக்கம் 'ராஜி கட்சி'. (அரசியல் இல்லை, நம்புங்கள்!) மேலே போகும் இடம் எல்லாம் அக்கா என்பார்கள் ஒரு கட்சியினர். இல்லை, குழைவு வரும் இடம் எல்லாம் தங்கை என்பார்கள் மற்ற கட்சியினர். ஆதாரம் யாரிடமும் இல்லை. கவசத்தில் பெரும்பாலும் இருவரும் ஒரே வரியை ஒரே ஸ்வரத்தில் சேர்ந்துதான் பாடுகிறார்கள். பிரித்துப் பார்க்க இடமே கொடுக்க மாட்டார்கள்.

அப்போது ஒரு திருநெல்வேலிப் பெண் ஒரு வழி சொன்னாள். டிப்ளமோ படித்தவள், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பழுதான போர்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற மாதிரியே யோசித்தாள். "ஒரு குரல் தனியா கிடைச்சாப் போதும். அதைக் கழிச்சுட்டா மிச்சம் இன்னொண்ணு."

தனியாகக் கிடைப்பது யார் குரல்? ராஜலட்சுமியின் குரல். சகோதரிகள் இருவருமே சினிமாவில் பாடியிருக்கிறார்கள். ஆனால் சினிமாவில் அதிகம் தெரிந்தவர் ராஜலட்சுமிதான். ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'கந்தன் கருணை' (1967) படத்தில் திருப்பரங்குன்றத்து முருகனைப் பற்றிய அந்தப் பிரபலமான பாட்டு நினைவிருக்கிறதா? அதில் பி. சுசீலாவோடு சேர்ந்து பாடியது இவர். அதோடு நிற்கவில்லை. 'தரிசனம்' (1970) படத்துக்கு இசையமைத்ததும் ராஜலட்சுமிதான். அதில் டி.எம்.எஸ்ஸும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடிய மாலை நேரத்து டூயட் இன்றும் ரேடியோவில் வருகிறது. அதைக் கேட்டு ரசிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கவசம் பாடிய பெண்மணி போட்ட மெட்டு என்று தெரியும்? பெண் இசையமைப்பாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த காலம் அது.

ஆக, ஒரு வாரம் பஸ்ஸில் 'கந்தன் கருணை' ஓடியது. முதலில் அந்தப் பாட்டில் சுசீலாவைக் கழிக்க வேண்டும். அது சுலபம், சுசீலா குரல் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சம் ராஜலட்சுமி. அந்தக் குரலைக் காதில் பிடித்துக்கொண்டு கவசத்துக்கு வந்து, அதில் ராஜலட்சுமியைக் கழித்தால்... மிச்சம் ஜெயலட்சுமி.

கணக்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை வரவில்லை. ராஜலட்சுமியைப் பிடித்ததாக நினைக்கும்போதே குரல் நழுவி இரண்டு குரலாகிவிடும். இரண்டு என்று நினைக்கும்போது ஒன்றாகிவிடும். ஏன் அப்படி?

இதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கத்திய பாணியில் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு ஸ்வரம். அமெரிக்காவின் எவர்லி சகோதரர்களில் அண்ணன் டான் கீழே மெட்டைப் பாடுவார், தம்பி பில் அதற்கு மேலே இன்னொரு ஸ்வர வரிசையில் கூடவே போவார். கேட்பவர் பிரித்துச் சொல்லலாம். நம் சங்கீதத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இருவருக்கும் ஒரே ஸ்வரம், ஒரே சொல். அதிலும் அக்கா தங்கை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே வீட்டில் ஒரே தமிழைப் பேசி வளர்ந்தவர்கள். ழகரமும் ளகரமும் இருவர் வாயிலும் ஒரே மாதிரி விழும். இரண்டு குரலுக்கும் இடையே இருக்கும் துளி வித்தியாசம் தனியாகக் கேட்காது. குரலைக் கனமாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று மூச்சு. நீளமான வரியை ஒருவர் பாடினால் எங்காவது மூச்சு வாங்கியே ஆக வேண்டும். இருவர் பாடும்போது ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு வரி அறுந்த மாதிரியே தெரியாது. கவசம் போல இருபது நிமிடம் ஓடும் பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த எம்.எஸ். சுப்ரபாதத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே குரல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. மகள் ராதா விஸ்வநாதன் கூடவே பாடுகிறார். லட்சக்கணக்கான வீடுகளில் தினமும் கேட்கும் குரல், ஆனால் யாரும் கேட்டதாக நினைப்பதில்லை.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடும் குழுக்களில் 'யார் முக்கியம்' என்கிற சண்டை ஊர் உலகம் எல்லாம் உண்டு. ரசிகர்கள் மட்டுமா போடுகிறார்கள்? பாடுகிறவர்களுக்குள்ளும் உண்டு. பீ ஜீஸ் என்ற குழுவில் பாரி, ராபின், மாரிஸ் என்று மூன்று சகோதரர்கள். 1969-ல் இசைத்தட்டின் முதல் பக்கத்துக்கு ராபின் முன்னணியில் பாடிய பாட்டை விட்டுவிட்டு பாரி பாடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். ராபின் கோபித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஆண்டே திரும்பியும் வந்தார். அன்றிலிருந்து பாரி பெரியவரா, ராபின் பெரியவரா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். இந்தச் சண்டையில் மாரிஸ் பெயர் அவ்வளவாக அடிபடவில்லை. அவர் நடுவில் நின்று இரண்டு குரலையும் ஒட்டிக்கொண்டிருந்தவர். 2003 ஜனவரியில் மாரிஸ் இறந்தார். அதன் பிறகு மற்ற இருவரும் எடுத்த முடிவு, இனி அந்தக் குழுப் பெயர் வேண்டாம் என்பது. (சில வருடம் கழித்து மனம் மாறியது வேறு கதை.) பேசப்படாத குரல் போனபோதுதான் பெயரே போனது.

சரி, மறுபடி பஸ்ஸுக்கு வருவோம்.

அந்த பஸ்ஸில் நிஜமாகவே ஒரு அக்காவும் தங்கையும் இருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அக்கா முதலில் வேலைக்கு வந்தாள், எட்டு மாதம் கழித்துத் தங்கையையும் அழைத்துக்கொண்டாள். ஒரே ஆலை, ஒரே ஹாஸ்டல், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இந்தப் பகுதியில் இப்படி எத்தனையோ பேர். பெண் தொழிலாளர்களுக்கென்றே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள் என்றால் எண்ணிக்கையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் நன்றாகப் பாடுவார்கள். ஆயுத பூஜை, பொங்கல், யாருக்காவது பிறந்தநாள் என்றால் இருவரையும் பிடித்து நிறுத்திவிடுவார்கள். மாரியம்மன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, எல்லாம் சேர்ந்தே. ஆனால் கைதட்டல் தங்கைக்குத்தான். அவள் குரல் கணீரென்று மேலே போகும், கையை ஆட்டிப் பாடுவாள், பார்க்கவும் அழகு. அக்கா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தபடி பாடுவாள்.

கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்த ஒரு நாள், யாரோ ஒருத்தி சொல்லிவிட்டாள்:

"ஜோடின்னா அப்படித்தான்டி. ஒருத்தர் பாடகி, இன்னொருத்தர் கூடப் பாடுறவங்க. நம்ம பஸ்லயே பாரேன், தங்கச்சி பாடகி. அக்கா சும்மா கூடப் பாடுது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். பிற்பாடு அவளுக்கு உறுத்தியது அந்தச் சிரிப்புதான்.

இந்த வேலைகளில் பலவற்றுக்கும் காலக்கெடு உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். முதலில் சேர்ந்த அக்காவுக்கு முதலில் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் பெட்டி, ஒரு பக்கெட், ஒரு பாய், ஹாஸ்டல் தோழிகள் வாங்கிக் கொடுத்த ஒரு புடவை. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தங்கை திரும்பி வந்தாள். அழவில்லை. அடுத்த நாள் ஓவர்டைம் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஆயுத பூஜை. வழக்கம்போல் தங்கையைக் கூப்பிட்டார்கள். இருவரும் எப்போதும் பாடும் அதே மாரியம்மன் பாட்டு. அவள் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே சுருதி எங்கேயோ உயரத்தில். முதல் இரண்டு வரி பரவாயில்லை. மூன்றாவது வரியில் குரல் எட்டவில்லை. சமாளித்தாள். நான்காவது வரியின் நடுவில், அவள் எப்போதும் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள். வரி அறுந்தது. அந்த இடத்தில் வரி அறுந்து அவள் கேட்டதே இல்லை. அத்தனை நாளும் அங்கே ஒரு குரல் இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. சுண்டலும் பொரியும் வந்துவிட்டது.

இரவு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்தப் பாட்டு எனக்கு வரலக்கா. சுருதி எகிறிடுச்சு."

அக்கா ஊரில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். சாதாரணமாகச் சொன்னாள்:

"நீ எப்பவுமே மேலதான் எடுப்ப பாப்பா. அதான் மொத எழுத்த நான் எடுப்பேன். நீ கவனிச்சதில்லையா?"

கவனித்ததில்லை. யாருமே கவனித்ததில்லை. பாட்டின் முதல் எழுத்தை அக்கா அடக்கமாக எடுப்பாள், தங்கை அதில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கேட்பவர்களுக்குத் தங்கை சேர்ந்த பிறகுதான் பாட்டு ஆரம்பித்த மாதிரி இருக்கும். மேலே போக வேண்டிய இடத்தில் தங்கையைப் போகவிட்டு அக்கா கீழேயே நின்றுகொள்வாள். தங்கை மூச்சு வாங்கும் இடங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'சும்மா கூடப் பாடுவது' என்பதற்குள் இவ்வளவு வேலை இருந்திருக்கிறது!

"அன்னைக்கு பஸ்ல அவ அப்படிச் சொன்னப்ப நீ ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்த சொல்றது? நல்லாத்தானே இருந்துச்சு பாட்டு."

அக்கா போனை வைத்த பிறகு தங்கைக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லையாம். நல்லாத்தானே இருந்துச்சு என்பது உண்மைதான். ஆனால் அக்கா பெருந்தன்மையாக விட்டுவிட்டாள் என்பதால் மற்றவர்கள் பெயரை மறந்துவிடலாமா? அக்கா கேட்கவில்லை என்றால் தங்கையாவது சொல்லியிருக்கலாம், இல்லையா?

இங்கேதான் அந்த பஸ் சண்டையை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எது யார் குரல் என்று அடித்துக்கொள்வது வெட்டிவேலை என்று பலர் சொல்வார்கள். சேர்ந்து பாடியதைச் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சேர்த்தே கேட்டதால்தான் இருபது வருடம் ஒரு டிரைவருக்குப் பாடியவர்கள் பெயர் தெரியாமல் இருந்தது. 'சகோதரிகள்', 'பிரதர்ஸ்' என்ற பட்டப் பெயர்கள் ஆட்களை விழுங்கிவிடுகின்றன. பம்பாய் சகோதரிகள் என்றால் தெரியும், சரோஜா, லலிதா என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆலத்தூர் சகோதரர்களில் சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்களே இல்லை. ஒருவர் குருவின் மகன், மற்றவர் சீடர். பட்டப் பெயர் நிலைத்துவிட்டது, உறவு என்ன என்று கேட்பார் இல்லை.

சண்டை போட்டவர்கள் விடை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சண்டை போட்டதால் இரண்டு பெயர் தெரிந்துகொண்டார்கள். 'தரிசனம்' படத்துக்கு இசையமைத்தது யார் என்று தெரிந்துகொண்டார்கள். இன்னொன்றும் தெரிந்துகொண்டார்கள். தங்கை ராஜலட்சுமி 1992-ல் காலமானார். அக்கா ஜெயலட்சுமி இருந்தது 2017 ஜூன் வரை. அதாவது இருபத்தைந்து வருடம் அக்கா தனியாக இருந்திருக்கிறார். அந்த இருபத்தைந்து வருடமும் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கியில் இருவரும் சேர்ந்தே பாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் எங்கிருந்தோ அந்தப் பாட்டு கேட்கும்போது, தங்கை குரலை மட்டும் பிரித்துக் கேட்க அந்த ஒருவரால் முடிந்திருக்கும். ஊரில் வேறு யாராலும் முடியாத கணக்கு அது.

ஆயுத பூஜை முடிந்து அடுத்த வாரம் 'ஏ' ஷிப்ட். ஐந்தேகால் மணி பஸ். அக்கா உட்காரும் ஜன்னலோர சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். கள்ளக்குறிச்சிப் பக்கமாம். முதல் வாரம் என்பதால் தூங்காமல் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"அக்கா, இது யாரு பாடினது?"

பின் சீட்டிலிருந்து ஒருத்தி "சூலமங்கலம் சிஸ்டர்ஸ்" என்றாள்.

தங்கை திரும்பி உட்கார்ந்தாள்.

"சூலமங்கலம் ஜெயலட்சுமி, சூலமங்கலம் ராஜலட்சுமி. ஜெயலட்சுமிதான் அக்கா" என்றாள்.